மல்லாட்டைக் கொல்லைக்கு ஒரு பொது அறிவிப்பு

மலைக்கு அந்தப் பக்கம் நம் குரல் போகாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருத்தம் கம்மியாக இருக்கும். நம் வானொலிக் கோபுரம் தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் கிழக்கே நிற்கிறது. மலை மேற்கே உட்கார்ந்திருக்கிறது. அலை போய் மோதுகிறது, மலை அசைவதில்லை, அவ்வளவுதான். ஊரே நம்மைக் கேட்கிறது என்று தினமும் காலையில் சொல்கிறோம். அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பொய்கூடக் கேட்காது.

கிரிவலம் போகிற ஒருவர் ஒருமுறை கடிதம் எழுதியிருந்தார். இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு நடந்தாராம். ஓரிடத்தில் என் குரல் கரகரத்து, நீர்த்து, காணாமல் போனதாம். அவர் மலையைச் சுற்றி மறுபடி ஊர்ப்பக்கம் வந்தபோது நான் அதே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேனாம். நியாயமான புகார்.

புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்கும் என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊரிலும், எந்த வேலையிலும், எந்த வாடகை வீட்டிலும் நான் அவ்வளவு காலம் தங்கியதில்லை. ஓய்வுபெறும் வயது வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். கால் அரித்தது. அந்த அரிப்பில்தான் இதையும் எழுதுகிறேன். ஆகவே ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள்.

மைக்கை எப்படிப் பிடிப்பது, ஒலியை எப்படி ஏற்றி இறக்குவது என்பதையெல்லாம் ஷமீம் சொல்லித் தருவாள். ஒலிப்பதிவு மேசை அவள் ராஜ்ஜியம். நான் சொல்லப்போவது ஒரு மல்லாட்டைக் கொல்லையைப் பற்றி. நிலக்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றும், வயலைக் கொல்லை என்றும்தான் சொல்வோம். ஒரு முழுக் கொல்லையையும், அதோடு சேர்த்து ஓர் அண்ணன் தம்பியையும், என் வாயால் ஏறக்குறைய அழித்தேன்.

முதலில் நிலையத்தைப் பற்றி இரண்டு வரி. நாம் எப்படிப் பேச்சு வானொலி ஆனோம் என்று பார்வையாளர்கள் கேட்பார்கள். மக்களின் குரல், மண்ணின் மொழி என்று நிலையப் பொறுப்பாளர் பதில் சொல்வார். உண்மை என்னவென்றால், பாட்டுப் போடுவதற்கு உரிமை வாங்க நமக்கு வழியில்லை. பேசுவதற்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டாம். ஆகவே பேசினோம். இரண்டு மூன்று வருடம் பேசிய பிறகு அதையே கொள்கை என்று சொல்லிக்கொண்டோம். சுவரில் பழைய பஞ்சு மெத்தைகளை ஆணியடித்து ஸ்டுடியோ செய்தோம். கீழே பாத்திரக்கடையில் சீர்வரிசைக் குடங்களுக்குப் பெயர் வெட்டும் மிஷின் ர்ர்ர் என்று ஓடும். உங்கள் ஸ்டுடியோவில் தேன்கூடு இருக்கிறதா என்று நேயர்கள் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டோம். விளக்குவதைவிட அது சுலபம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ‘கொல்லைமேடு’ என்ற நிகழ்ச்சி. விவசாயிகள் போன் செய்து பயிரைப் பற்றிக் கேட்பார்கள். வேங்கிக்காலிலிருந்து வரும் வேளாண் அதிகாரி ஒருவர் பதில் சொல்வார். அவர் பயிர்களிடம் காட்டும் பொறுமையை மனிதர்களிடம் காட்டமாட்டார். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சமாளிப்பது என் வேலை. நிகழ்ச்சி முடியும்போது போன் செய்தவர்கள் பெயரையும் ஊரையும் வாசித்து நன்றி சொல்வோம். இது நம் வழக்கம், இன்றும் நடக்கிறது. பாதிப் பேர் அந்தப் பெயர் வாசிப்புக்காகவே போன் செய்கிறார்கள் என்பது என் அனுமானம்.

ஒரு வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து முருகன் என்று ஒருவர் போனில் வந்தார். தன் மல்லாட்டைக் கொல்லையில் இலையெல்லாம் கரும்புள்ளி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம், அடி இலை கொட்டுகிறது என்றார். அதிகாரி உற்சாகமாகிவிட்டார். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டார். முருகன் யோசித்தார். என்ன ரகம் என்று கேட்டார். நல்ல ரகம் என்றார் முருகன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை பாய்ச்சுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அதைக் கேட்டுத்தான் சொல்லணும் என்று பதில் வந்தது.

யாரைக் கேட்டு என்று அதிகாரி குரலை உயர்த்துவதற்குள் நான் நுழைந்து, இலைப்புள்ளி நோய்க்கு என்ன மருந்து என்ற பக்கம் பேச்சைத் திருப்பினேன். மருந்தின் பெயர், அளவு, பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கட்டாயம் இரண்டாவது முறையும் அடிக்க வேண்டும், விட்டால் காய் பிடிக்காது என்று எல்லாவற்றையும் அவர் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார், மெதுவாக. நிகழ்ச்சி முடிந்ததும் ஷமீம் ஹெட்போனைக் கழற்றினாள்.

“அக்கா, அவரு கொல்லையில கண்டக்டர் விசில் ஊதறாரு. செஞ்சி செஞ்சினு ஆள் வேற கூப்புடறாங்க.”

எனக்கும் கேட்டிருந்தது. ஆனால் பயிர் உண்மை. புள்ளியின் நிறத்தை அவ்வளவு சரியாகப் பொய்யாகச் சொல்ல முடியாது. அடுத்த வெள்ளியும் வந்தார். முதல் மருந்து அடித்தாகிவிட்டது போலிருக்கிறது என்றார். தன் கொல்லையில் தானே மருந்தடித்தவர் ‘போலிருக்கிறது’ என்பாரா? அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மெத்தைச் சுவரைப் பார்த்தேன்.

அதற்கடுத்த செவ்வாயன்று ஒரு மகளிர் குழுவைப் பதிவு செய்ய கீழ்பென்னாத்தூர் போனேன். தனியார் பஸ். முன்சீட். சோமாசிபாடி தாண்டி ஓரிடத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஆட்டுக்காரரைத் திட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வார்த்தையால் அல்ல, குரலால். நம் தொழிலில் முகம் மறந்துபோகும், குரல் மறக்காது. வாக்கியத்தின் கடைசியில் லேசாக வழுக்கி விழுகிற அந்தக் குரல் முருகனுடையது.

 கொஞ்சதூரம் போனதும் அவர் வண்டியை ஓரங்கட்டினார். டயரைப் பார்க்கணும் என்று இறங்கி, பேருக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டு, சாலையோரக் கொல்லையில் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பயணிகள் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. தினமும் நடக்கிற காரியம்.

கீழ்பென்னாத்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகு, நான் இன்னாரென்று சொன்னேன். அவர் முகம் வெளிறியது. பெயர் சேகர். வீடு அடி அண்ணாமலையில், மனைவியின் ஊர். அந்தக் கொல்லை அவருடையதல்ல, அவர் அண்ணன் ஏழுமலையுடையது. நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சேகர் பெயர் இருந்தது, அவர் மனைவி பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சுக்காரர் தவறு என்றார் அண்ணன். அச்சடித்து வந்ததும் அண்ணன் பார்த்தார்தானே என்றார் தம்பி. கல்யாணத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான் சண்டை. ஆனால் தினமும் ஆறு நடை அந்தக் கொல்லையைத் தாண்டி ஓட்டுகிறார். இலை மஞ்சளாவது தெரிகிறது. அண்ணனுக்குப் பயிர்க்கடன், மகள் பிரசவம், எல்லாமே இந்த மல்லாட்டையில்தான் நிற்கிறது என்பதும் தெரியும். இறங்கிப்போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் ‘கொல்லைமேடு’ கேட்பவர். ஆகவே பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில், போன் கரகரப்பில் அண்ணனுக்குக் குரல் பிடிபடாது என்ற தைரியத்தில், வேறு பெயரில் போன்.

“வெளிய சொல்லிடாதீங்கக்கா. நான்னு தெரிஞ்சா அந்தாளு ரெண்டாவது மருந்தே அடிக்கமாட்டாரு. புடிவாதம் ஜாஸ்தி. எங்க வம்சத்துக்கே ஜாஸ்தி.”

சொல்லமாட்டேன் என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தேன். ஒரு மனிதர் தன் அண்ணனோடு பேசுவதற்கு ஓர் ஒலிபரப்புக் கோபுரத்தை நடுவில் நிறுத்தியிருக்கிறார். பதினான்கு வருடத்தில் நம் நிலையத்துக்கு அதைவிட நல்ல உபயோகத்தை யாரும் கண்டுபிடித்ததில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இனி என் மேதாவித்தனத்தைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை சேகர் மறுபடி முருகனாக வந்தார். இரண்டாவது மருந்தை எந்த நாளில் அடிப்பது என்று கேட்டார். அதிகாரி ஏதாவது குடைந்து கேட்டால் நான் காப்பாற்ற வேண்டுமே என்று, பெயர்ப்பட்டியல் எழுதும் தாளிலேயே எனக்கு நானே ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்திருந்தேன். நிகழ்ச்சி நன்றாக முடிந்தது. கடிகாரத்தில் இருபது நொடி மிச்சம். நன்றி வாசிக்க ஆரம்பித்தேன். மைக் முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்தவளின் கண்ணுக்கும் நாக்கிற்கும் நடுவே மூளை என்று ஒரு நிறுத்தம் கிடையாது. தாளில் இருப்பது வாயில் வரும். வந்தது.

“இன்று நம்மோடு பேசிய சோமாசிபாடி கன்னியப்பன், மல்லவாடி குமாரி, கீழ்பென்னாத்தூர் முருகன் இவர் பஸ் டிரைவர் சேகர் ஏழுமலையின் தம்பி ஜாக்கிரதை ஆகிய அனைவருக்கும் நன்றி.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷமீம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ‘ஜாக்கிரதை’ என்பதை எவ்வளவு அழகாக, ஓர் ஊர்க்காரர் பெயரைப்போல, ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறேன் என்பதைப் பதிவில் மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது.

உங்கள் தாளில் வாசிக்கக் கூடாதது எதுவும் இருக்கக்கூடாது. நான் உங்களுக்குத் தருகிற ஒரே தொழில்நுட்ப அறிவுரை இது.

மதியத்துக்குள் ஊர் சிரித்தது. டீக்கடையில் என்னைப் பார்த்து ஜாக்கிரதை வந்துட்டாங்க என்றார்கள். மூன்று மணிக்கு நிலையத்துக்கு ஒரு போன். ஏழுமலையின் மனைவி கஸ்தூரி. அவர் சிரிக்கவில்லை. புருஷன் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே இந்தப் பெயர் வாசிப்பைக் கேட்டாராம். டேங்கை இறக்கி வைத்துவிட்டார்.

“அவன் சொல்லி நான் மருந்து அடிக்கணுமான்றாருங்க. முதல் மருந்தையும் தெரியாம அடிச்சுட்டேன்னு வேற சொல்றாரு, அடிச்சதையே வாபஸ் வாங்கறாப்புல. இன்னும் ஒரு வாரம் போனா கொல்ல அப்படியே கொட்டிப்புடும். நீங்கதான இத பண்ணீங்க, நீங்களே எதாச்சும் பண்ணுங்க.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்துக்குப் போனேன். சேகர் பஸ்ஸின் கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“திட்டி இன்னா ஆவப்போவுதுக்கா. நாலு வருஷமா அந்த வூட்ல யாரும் என் பேர சொன்னதில்ல. இன்னிக்கு உங்க ரேடியோ சொல்லிச்சு, அவரு எதுர்லயே.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஆனா கொல்ல போயிடும்க்கா.”

ராத்திரி தூங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பேச்சு. மறுநாள் காலை இருபது நிமிடம் சகோதரத்துவம் பற்றிப் பேசினேன். புராணத்து அண்ணன் தம்பிகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். ஒரே மலையின் இரண்டு சரிவுகள் என்றேன், ஒரே வேரின் இரண்டு காய்கள் என்றேன். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிய பேச்சு அது. பெயர் சொல்லவில்லை என்றாலும் யாருக்கு என்று மாட்டுக்குக்கூடப் புரிந்திருக்கும். பத்தரை மணிக்குக் கஸ்தூரி போன் செய்தார்.

“ரேடியோவ எடுத்துட்டுப் போயி மாட்டுக்கொட்டாயில வெச்சுட்டாருங்க. இப்ப மாடுதான் உங்கள கேக்குது.”

ஷமீமிடம் சொன்னேன். அவள் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. அப்பாவுக்குத் தையல் கடை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னைவிட முப்பது வயது நிதானம்.

“அக்கா, நீங்க பேசப் பேச அவரு ஜாஸ்தி முறுக்கிக்கிறாரு. எங்கப்பா கடையில ஒருத்தர் தொப்பைக்குச் சட்டை புடிக்குதுன்னா அவருகிட்ட அத சொல்லவே மாட்டாரு. பக்கத்துல நிக்கறவரு சட்டைய இழுத்து, இது கொஞ்சம் லூசா இருந்தா எடுப்பா இருக்கும்பாரு. தொப்பைக்காரரு தானா எனக்கும் லூசாவே தைங்கனுடுவாரு.”

பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று பெயர்ப்பட்டியலைப் புரட்டினேன். ஏழுமலை கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லை கன்னியப்பனுடையது. அவர் நம் நேயர், வாராவாரம் வருபவர். நோய் வரப்பைப் பார்த்து நிற்காது. அவர் கொல்லையிலும் புள்ளி இருக்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை அதிகாரியைக் கெஞ்சி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பழகியவருக்கு வரப்பில் நடப்பது பிடித்திருந்தது. குழந்தை மாதிரி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னியப்பன் கொல்லையில் புள்ளி இருந்தது. அந்தாண்ட இருந்த இரண்டு கொல்லையிலும் இருந்தது. எல்லாவற்றையும் பதிவு செய்தோம். ஏழுமலை கொல்லை எதிரிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கூட மூச்சு விடவில்லை. அவர் மோட்டார் கொட்டாய் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓடிப்போய்க் காலில் விழலாமா என்று எனக்கு உடம்பெல்லாம் துடித்தது. அதிகாரி என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, மறுநாள் காலையே ஒலிபரப்பினோம். கன்னியப்பன் தன் வாயால், செவ்வாய் சாயங்காலம் இரண்டாவது மருந்து அடிக்கப்போகிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. என் பேச்சு இரண்டே வாக்கியம். என் வாழ்க்கையில் மிகச் சின்ன நிகழ்ச்சி.

மாட்டுக்கொட்டாயில் இருக்கிற ரேடியோவை அவர் கேட்பாரா என்பதுதான் கவலை. கஸ்தூரி அதைத் தீர்த்து வைத்தார். புருஷனுக்கு முன்பெல்லாம் பால் கறக்க ஐந்து நிமிடம் ஆகுமாம், இப்போது அரை மணி நேரம் ஆகிறதாம்.

புதன்கிழமை அவரே மறுபடி போன் செய்தார். புருஷன் முந்தின சாயங்காலமே டேங்கைத் தூக்கிவிட்டார்.

“அவன் சொன்னதுக்காவ இல்லியாம். கன்னியப்பன் கொல்ல பச்சையா நின்னு நம்புளுது மஞ்சளா நின்னா ரோட்ல போறவன் சிரிப்பான்னு.”

“ரோட்ல போறவன்னா டிரைவருதானக்கா” என்றாள் ஷமீம், தலையை நிமிர்த்தாமல்.

கொல்லை பிழைத்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கதையும் நின்றிருக்கும். ஆனால் சேகர் போன் செய்வதை விட்டுவிட்டார். டயரைத் தட்டுவதற்கும் வண்டி நிற்பதில்லை என்று கண்டக்டர் சொன்னார். முன்பு அந்தச் சாலையில் ஓர் இலை அளவுக்காவது உறவு இருந்தது. என் நாக்கு அதையும் அறுத்துவிட்டது. வாரங்கள் போயின. ஒவ்வொரு வெள்ளியும் நன்றி வாசிக்கும்போது கீழ்பென்னாத்தூர் முருகன் இல்லாத பட்டியல் எனக்குப் பல் விழுந்த வாய்போல இருந்தது.

அறுவடைக் காலம். ஒரு வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் கனத்த குரல் ஒன்று வந்தது. ஏழுமலை பேசறேன் என்றது. ஷமீம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பிடுங்கப்போகிறோம், ஆள்தான் கிடைக்கவில்லை என்றார்.

“இத ரேடியோவுல சொல்லணும்.”

“சொல்லிடலாங்க. யாருக்குனு சொல்லணும்?”

“பொதுவா.”

“பொதுவான்னா, கூலி ஆளுங்களுக்குங்களா?”

“பொதுவாச் சொல்லுங்க” என்றார். பிறகு, போனை வைக்கப்போகிறவர்போல இழுத்துவிட்டு, “குடும்பத்தோட வர்றவங்க குடும்பத்தோடவே வரலாம்னும் சொல்லுங்க. பொதுவா.”

தனிமனிதர் அறிவிப்புகள் ‘கொல்லைமேடு’ நிகழ்ச்சியில் கிடையாது என்பது நம் விதி. அந்த விதியை எழுதியதே நான்தான். அழித்தேன். சொன்னேன், அவர் சொன்ன அதே வார்த்தைகளில். ஒரு சொல் கூட்டவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா, கூட்டாமல் இருப்பது.

சாயங்காலம்தான் கண்டக்டரிடமிருந்து தெரிந்தது, அன்று சேகருக்கு ஓய்வு நாள். வீட்டில் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது. பதிவேட்டில் அவர் எண் இருந்தது. என் விரல் போன் மேலேயே இருந்தது. அழைத்துச் சொன்னால் அது பொதுவாக இருக்காது; அண்ணன் கூப்பிட்டதாக ஆகிவிடும். ஏழுமலை எதைக் காப்பாற்றிக்கொள்ள அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ, அதை நான் இரண்டாவது முறையாகவும் தெருவில் போட்டவளாவேன். போனைத் திருப்பி வைத்தேன். அறிவிப்பை மட்டும் சனிக்கிழமை முழுக்க, சமையல் நிகழ்ச்சிக்கும் சுகாதார நிகழ்ச்சிக்கும் நடுவில்கூட, நுழைத்து நுழைத்துச் சொன்னோம்.

சேகர் சனிக்கிழமை வண்டி ஓட்டினார். அவர் ரேடியோவைத் திருப்பவே தேவையில்லாமல் போனது. ஏறிய ஒவ்வொருவரும் சீட்டு வாங்கும் முன்பே, உங்கண்ணன் நாளைக்கு மல்லாட்டை புடுங்கறாராம், குடும்பத்தோட வரலாமாம், பொதுவாச் சொன்னாங்க என்றார்களாம். ஆறு நடையும். ஒருவர்விடாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான் நேயர் கடிதங்களை வாசித்துப் பேசும் நேரம். ஏழரை மணிக்கு ஷமீம் ஒரு தாளைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினாள். கஸ்தூரி போனில் இருக்கிறார், அவசரம். பதிவு செய்து வைத்திருந்த ஒரு விளம்பரத்தை ஓடவிட்டுப் போனை எடுத்தேன்.

“வந்துட்டாருங்க. பொண்டாட்டியையும் இட்டுகினு வந்துட்டாரு. நாங்க ரெண்டு பேரும் வந்ததுமே பேசிட்டோம். ஆனா இந்த ரெண்டு ஆம்பளைங்களும் ஆளுக்கொரு பாத்தியில குனிஞ்சதுதான், நிமிரல. வரப்புல ரேடியோவ வெச்சுகினு அதையே கேக்கறாப்புல கம்முனு இருக்காங்க.” பிறகு ரொம்ப மரியாதையாகச் சேர்த்தார்: “நீங்களும் நிறுத்தவே மாட்டேன்றீங்க.”

விளம்பரம் முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மலைமேல் மேகம் இறங்குவதைப் பற்றி ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய கடிதத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். வாசித்துக்கொண்டே யோசித்தேன். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யத் தெரியும். அதன் ஆபத்து உங்களுக்கே தெரிந்துவிட்டது.

பேச்சு வானொலியில் மௌனம் எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். ஐந்து நொடி சத்தமில்லை என்றால் நேயர் ரேடியோவைத் தட்டுவார். பத்து நொடிக்கு நிலையத்துக்கு போன் வரும். இருபது நொடிக்கு, அடுத்த வீட்டில் குடியிருக்கும் பொறுப்பாளர் கிளம்புவார். முப்பதுக்கு மேல் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, நாங்கள் போனதில்லை. இனி சிறிது நேரம் அமைதி காப்போம் என்று அறிவித்துவிட்டுச் செய்யவும் முடியாது. அறிவித்தால் அது என் நிகழ்ச்சி, அவர்கள் அதையும் குனிந்துகொண்டே கேட்பார்கள். வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்தினாலும் ஆகாது. முடிந்த வாக்கியத்துக்குப் பின்னால் காத்திருப்பார்கள். பாதியில் நிற்க வேண்டும். ஏதோ உடைந்ததுபோல.

“மேகம் மெல்ல இறங்கி வந்து மலையின்” என்று சொல்லிவிட்டு ஷமீமைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கினேன்.

அவளுக்குப் புரிந்தது. அதிர்ச்சியும் புரிந்த பிறகுதான் வந்தது. ஒலியை இறக்கினாள். இறக்கிய கையை எடுக்காமல் வைத்துக்கொண்டாள், திருப்பி ஏற்றிவிடாமல் தானே தன்னைப் பிடித்துக்கொள்வதுபோல. கடிகாரத்தின் சிவப்பு முள் தனியாக நடந்தது. பத்து. போன் ஒன்று அடித்தது. பதினைந்து. இரண்டாவது போன். கீழே பாத்திரக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் யார் பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய்க்குள் வார்த்தைகள் முட்டின. தும்மலைப் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டேன். முப்பது. யாரோ படியில் ஏறி வருகிற சத்தம். ஷமீம் உதட்டை அசைத்து அக்கா போதும் என்றாள். தலையாட்டி மறுத்தேன். நாற்பதில் கையை உயர்த்தினேன்.

தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், மேகம் மலையின் தோளில் உட்கார்ந்தது என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பொறுப்பாளர் மூச்சிரைக்க உள்ளே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டதையும் நாங்கள் சொன்னதையும் இங்கே எழுத வேண்டாம்.

பத்து மணிக்குக் கஸ்தூரி கூப்பிட்டார். இந்த முறை சிரிப்பில் பேச்சே வரவில்லை; கோத்துக் கோத்துத்தான் சொன்னார். ரேடியோ நின்றதும் கொல்லையே நின்றுவிட்டதாம். இரண்டு பேரும் குனிந்தபடியே ரேடியோவைப் பார்த்தார்களாம். பிறகு ஏழுமலை, யாரையும் பார்க்காமல், பேட்டரி போயிடுச்சா பாரு என்றாராம். சேகர் எழுந்துபோய்த் தட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரி நல்லாத்தான் கீது, அந்தம்மாவுக்குத் தொண்ட கட்டிகிச்சு போல என்றாராம்.

“அதுக்கெல்லாம் கட்டாது” என்றாராம் ஏழுமலை.

அதற்கப்புறம் நான் மேகத்தைப் பற்றி என்ன பேசினேன் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. ரேடியோவை அணைத்துவிட்டார்களாம். ஒருத்தர் பேசுகிறது இன்னொருத்தர் காதில் விழமாட்டேன் என்கிறது என்று.